சத்துமாவு வீடு தேடி வந்தது. பிள்ளையைப் பார்க்க ஆள் வரவில்லை!

கொரோனா காலத்தில் பட்டாசு பூமியின் பால்வாடிகள்: ஓர் அலசல்

பட்டாசு ஆலைகள் திறந்தது 2020 மே மாதம். பால்வாடிகள் திறந்தது 2021 செப்டம்பர் 1-ந் தேதி.

நடுவில் பதினைந்து மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அத்தனை நாளும் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்கும், தீப்பெட்டி ஆலைக்கும், அச்சாபீசுக்கும் வேலைக்குப் போன தாய்மார்கள், இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள்?

கொரோனா காலத்தில் சர்க்கார் கொடுத்த உதவிகளின் பட்டியல் நீளமானது. அரிசி உண்டு, பருப்பு உண்டு, முட்டை உண்டு, ரொக்கப் பணமும் உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை. பசி என்றால் மூட்டை அனுப்பலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை மூட்டை கட்டி அனுப்ப முடியுமா?

சோறு மட்டுமா பால்வாடி?

பேப்பரில் அதன் பெயர் அங்கன்வாடி மையம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வது கிடையாது. பால்வாடி என்றால்தான் தெரியும். தமிழ்நாட்டில் இப்படி 54,439 மையங்கள்.

பிள்ளைகளுக்குச் சோறு போடும் கதையில் விருதுநகருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1956-ல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவைத் தொடங்கிய காமராஜர் பிறந்த ஊர் இது. மத்திய சர்க்காரின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ந் தேதி வந்தது. முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ந் தேதி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளையும் பந்தியில் உட்கார வைத்தார். விருதுநகர் மாவட்டம் பிறந்ததோ அதற்குப் பிறகு, 1985-ல்தான். மாவட்டம் வருவதற்கு முன்பே இங்கே சத்துணவு வந்துவிட்டது.

ஆக, எல்லாத் திட்டமும் சோற்றை வைத்துத்தான் வந்தன. சர்க்கார் கணக்கில் பால்வாடி என்பது ஊட்டச்சத்து கொடுக்கும் இடம்.

தாய்மார்கள் கணக்கு வேறு. கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. மழை இல்லையென்றால் காட்டு வேலை இல்லை. காட்டு வேலை இல்லாத குடும்பத்துக்கு ஆலைதான் சோறு. காலையில் ஆலை வேன் ஊர் மந்தையில் வந்து நிற்கும். ஹாரன் அடித்தால் தூக்குவாளியும் கையுமாக ஓட வேண்டும். கூலி செய்த வேலைக்குத்தான். இத்தனை குரோசு என்றால் இத்தனை ரூபாய். அரை நாள் லேட்டானால் அரை நாள் காசு போச்சு. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு திரி செருக முடியாது, சரம் பின்ன முடியாது. மருந்து புழங்கும் வாசலுக்குள் பிள்ளையை விடவும் மாட்டார்கள். விடவும் கூடாது.

அப்படிப்பட்ட தாய்க்கு பால்வாடி என்பது முதலில் பிள்ளையை நம்பி விட்டுப் போகிற இடம். முட்டை அப்புறம்தான். டீச்சர் இருக்கிறார், ஆயா இருக்கிறார், மதியம் சோறு போட்டுத் தூங்கவும் வைத்துவிடுவார்கள் என்ற நிம்மதியில்தான் வேன் ஏறுகிறாள். பால்வாடி முடிந்த பிறகு வேன் திரும்பும் வரை உள்ள நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவோ, பாட்டியோ இருந்தால் போதும்.

இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு இந்த ஏற்பாடும் கிடையாது. அதற்கு மாவுப் பாக்கெட்டோடு சரி. இது கொரோனாவுக்கு முன்பே இருந்த ஓட்டை.

கதவில் பூட்டு

2020 மார்ச் மாத நடுவில் பள்ளிக்கூடங்களோடு பால்வாடிகளுக்கும் பூட்டுப் போட்டார்கள். மார்ச் 25-ந் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. ஆலை, அச்சகம், பஸ் எல்லாம் நின்றன.

அப்போது பூட்டியது தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்ன வியாதி, எப்படிப் பரவும், குழந்தையை என்ன செய்யும் என்று டாக்டர்களுக்கே சரியாகத் தெரியாத நேரம் அது.

பூட்டுப் போடும்போதே, பிள்ளைகள் சோற்றுக்கு என்ன வழி என்ற கேள்வியை சுப்ரீம் கோர்ட்டு தானாகவே எடுத்தது. மதிய உணவும் பால்வாடி உணவும் நின்று போகாமல் இருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று 2020 மார்ச் 18-ந் தேதி மாநில அரசுகளுக்கு நோட்டீசு போனது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்த வேலை நடந்தது. குறை சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். சத்துமாவு பாக்கெட்டும், அரிசி, பருப்பு, முட்டையும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கொண்டுபோனது யார்? அதே டீச்சரும் ஆயாவும்தான். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கு எடுக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது. மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வீட்ல யாருக்காச்சும் காச்சல் இருக்கா?" என்று கேட்டு எழுதிய கூட்டத்தில் அவர்களும் இருந்தார்கள். நிரந்தர ஊழியர் என்ற அந்தஸ்து கிடைக்காமல் பல வருடமாகப் போராடி வருகிறவர்கள் அவர்கள்.

ரேஷன் கடையில் 2020 ஏப்ரலில் அரிசி கார்டுக்கு ரூ.1,000 கொடுத்தார்கள். இலவச அரிசி பல மாதம் கிடைத்தது. 2021-ல் இரண்டாவது அலை வந்தபோது மே மாதம் ரூ.2,000, ஜூன் மாதம் ரூ.2,000, அதோடு 14 மளிகைச் சாமான்கள். ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய சர்க்கார் 2020-ல் மூன்று மாதம் ரூ.500 வீதம் போட்டது.

டவுனில் இதற்கும் ஒரு முட்டுக்கட்டை. சிவகாசி அப்போது நகராட்சி. திருத்தங்கலோடு சேர்ந்து மாநகராட்சி ஆனது 2021-ல்தான். அங்கே காம்பவுண்டு வீடுகளில் வாடகைக்கு இருக்கிறவர்களில் வெளியூர்க்காரர்களும் உண்டு. இருப்பது சிவகாசியில், ரேஷன் கார்டு சொந்த ஊரில். பணம் கார்டு இருக்கிற கடையில்தான். பஸ் ஓடாத நாளில் அந்த ஆயிரம் ரூபாயை எப்படிப் போய் வாங்குவது? ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே அறை, வாசலில் பொதுக் குழாய். "தனித்திருங்கள்" என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். தனியாக இருக்க அறை எங்கே?

பொதுப் பானை

பால்வாடியில் போடும் சோற்றுக்கும் வீட்டுக்கு வரும் அரிசிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதிகாரிகள் எழுதும் குறிப்பில் இது தெரியாது. சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பால்வாடியில் தட்டில் வைத்த முட்டை அந்தப் பிள்ளையின் முட்டை. டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை அதைத் தின்னும். வாரத்துக்கு மூன்று. வேறு யாரும் பங்குக்கு வர முடியாது.

வீட்டுக்கு வந்த முட்டை குடும்பத்து முட்டை. வீட்டில் அண்ணன் இருக்கிறான், அக்கா இருக்கிறாள், வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பா இருக்கிறார், சுகர் மாத்திரை சாப்பிடும் தாத்தா இருக்கிறார். சின்னதுக்கு மட்டும் அவித்துக் கொடுத்துவிட்டு, மற்றதுகள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அரிசியும் அப்படித்தான், பொதுப் பானைக்குள் போய்விடும். சத்துமாவைப் பிசைந்தால் நாலு கை நீளும். இதில் குற்றவாளி யாரும் இல்லை. கூலி நின்றுபோன வீட்டில் வந்த சாமானைப் பங்கு போடாமல் வேறு என்ன செய்வார்கள்?

ஆகவே வீடு தேடி வந்த சாமான் குடும்பத்தைத் தாங்கியது உண்மை. குறிப்பாக அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதற்குக் கணக்கு இல்லை. மாதா மாதம் பால்வாடித் தராசில் எடை போட்டுப் பார்த்தால்தானே தெரியும்? மையமே பூட்டிக் கிடக்கும்போது தராசு எங்கே? புதன்கிழமை ஊசி போடும் வழக்கமும் ஊரடங்கின் தொடக்கத்தில் தடைப்பட்டது. மகப்பேறு உதவித் தொகையான ரூ.18,000-ல் ஒரு தவணை, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதைக் காட்டித்தான் வாங்க வேண்டும். ஒன்று தள்ளிப் போனால் இன்னொன்றும் தள்ளிப் போகும்.

2019-21 தேசிய குடும்ப நல சர்வே தமிழ்நாட்டைப் பற்றி ஒன்று சொல்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ரத்தசோகை 100-க்கு 57 பேருக்கு. முந்தைய சர்வேயில் (2015-16) இது 51-க்குப் பக்கத்தில் இருந்தது. இந்த சர்வேயில் ஒரு பகுதி கொரோனாவுக்கு முன்பே எடுத்தது. அதனால் பழியை எல்லாம் கொரோனா தலையில் போட முடியாது. ஆனால் எந்த நிலையில் இருந்த பிள்ளைகள் மேல் அந்தப் பூட்டு விழுந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஹாரன் அடித்தது

2020 மே மாதத்தில் பட்டாசு ஆலைகளைக் குறைந்த ஆட்களோடு திறக்க அனுமதி வந்தது. மந்தையில் மறுபடியும் வேன் ஹாரன்.

வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? தீபாவளிக்கு வாங்கிய அட்வான்சு கழியவில்லை. குழுக் கடன் தவணை தலைக்கு மேல் நிற்கிறது. தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2020 ஆகஸ்டு வரைதான். தள்ளிப்போட்ட மாதத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

போதாக்குறைக்கு அந்த வருடத் தீபாவளியும் கைவிட்டது. கொரோனா நோயாளிகளுக்குப் பட்டாசுப் புகை ஆகாது என்று 2020 நவம்பரில் ராஜஸ்தான், டெல்லி, ஒடிசா என்று மாநிலம் மாநிலமாகத் தடை போட்டார்கள். நவம்பர் 9-ந் தேதி தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் டெல்லி சுற்றுவட்டாரத்துக்குத் தடை விதித்தது. நவம்பர் 14-ந் தேதி தீபாவளி. அனுப்பிய சரக்கு அங்கங்கே முடங்கியது. கொரோனா சிவகாசியை இரண்டு தடவை அடித்தது என்று இங்கே சொல்வது சும்மா இல்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் நோட்டுப் புத்தகம் போடும் அச்சகங்களுக்கும் வேலை இல்லை.

இப்படிக் கழுத்தைப் பிடித்த நிலைமையில், ஒரு குரோசு கூடக் கிடைத்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் பால்வாடியில் பூட்டு.

பாட்டிதான் பால்வாடி!

பிள்ளையை யார் பார்த்தது? பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் ஆள், பாட்டி.

இங்கேதான் வேடிக்கை. அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கொரோனா விடாது. அவர்கள் தனியாக இருக்க வேண்டும், பேரன் பேத்திகளைக் கிட்டே சேர்க்கக் கூடாது என்று ரேடியோவிலும் டி.வி.யிலும் ஓயாமல் சொன்னார்கள். அதே சமயம் ஆலையைத் திறந்து, பால்வாடியைப் பூட்டி வைத்து, அந்தப் பாட்டி மடியிலேயே பிள்ளையை உட்கார வைத்ததும் அதே சர்க்கார்தான். ஒரு கை போட்ட உத்தரவை இன்னொரு கை பார்க்கவில்லை.

பாட்டி இல்லாத வீட்டில் அக்கா. எட்டு வயது, பத்து வயது அக்கா. பள்ளிக்கூடமும் இல்லையே! ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும். இடுப்பில் தம்பி அழுவான். ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு போய்விடும்.

பாட்டியும் இல்லை, அக்காவும் இல்லை என்றால் தாய் வீட்டிலேயே இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் பெட்டி ஒட்டலாம், தாள் குழாய் சுருட்டலாம். அதுவரைக்கும் ஆபத்து இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் மருந்தும் சில வீடுகளுக்குள் நுழைந்துவிடுகிறது என்பது போலீசாருக்கும் தெரியும், தாசில்தாருக்கும் தெரியும். லைசென்சு இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்து வெடித்த வழக்குகள் ஸ்டேஷன்களில் இருக்கின்றன. பிள்ளை தவழும் தரையில் மருந்து இருந்தால் என்ன ஆகும் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

சிவகாசிக்குப் பழைய கறை ஒன்று உண்டு. 1980-களில் தீப்பெட்டி ஆலைகளில் சிறுவர் சிறுமியர் வேலை செய்ததை வெளிநாட்டுக்காரர்கள் வரை பேசினார்கள். சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பர் 10-ந் தேதி கொடுத்த பிரபலமான தீர்ப்பு சிவகாசியை வைத்து வந்ததுதான். குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு ரூ.20,000 கட்ட வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. பள்ளிக்கூடமும் சத்துணவும் பிள்ளைகளை ஆலை வாசலில் இருந்து இழுத்து வந்தன. அந்தக் கயிறு இரண்டும் ஒரே நாளில் அறுந்ததுதான் 2020 மார்ச்.

சீமையில் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்திலும் 2020 மார்ச் 20-ந் தேதியோடு பள்ளிக்கூடங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் மூடினார்கள். ஆனால் முழுக்க மூடவில்லை. டாக்டர், நர்சு மட்டும் அல்ல, சாப்பாட்டுச் சாமான் விற்கிறவர், லாரி ஓட்டுகிறவர் என்று வேலைக்குப் போயே தீர வேண்டியவர்களின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். வேலைக்கு வா என்று கூப்பிட்டால் பிள்ளைக்கு இடம் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அது பணக்கார நாடு, நமக்கு எட்டுமா என்று கேட்கலாம். எல்லாப் பால்வாடியையும் திறக்கச் சொல்லவில்லை. ஆலைக்கு அனுமதி கொடுத்த அதே உத்தரவில், அந்த ஆலைக்கு ஆள் போகும் ஊர்களில் பத்துப் பிள்ளை, பதினைந்து பிள்ளை என்று பிரித்து வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஊர்தோறும் கட்டடம் இருந்தது, டீச்சர் இருந்தார், ஆயா இருந்தார். மந்தையில் வேப்ப மரம் கூட இருந்தது.

2021 ஜனவரி 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டது. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி தவிர மற்ற இடங்களில் பால்வாடி திறப்பது பற்றி மாநிலங்கள் 31-ந் தேதிக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்று கெடு வைத்தது. தமிழ்நாட்டில் திறப்பதற்குள் இரண்டாவது அலை வந்துவிட்டது. மே 10-ந் தேதி மறுபடி முழு ஊரடங்கு. கடைசியில் செப்டம்பர் 1-ந் தேதி கதவு திறந்தபோதும், முதலில் மதியச் சாப்பாட்டுக்காகத்தான் திறந்தார்கள். மறுபடியும் சோற்றுக் கணக்கு!

2020 மார்ச்சில் இரண்டரை வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது நாலு வயது. அன்றைக்கு நாலு வயதாக இருந்த பிள்ளை பால்வாடிப் பக்கமே திரும்பாமல் நேரே ஒன்றாம் வகுப்புக்குப் போயிற்று.

ஒரே தெரு, இரண்டு பிள்ளைகள்

பணமாகக் கொடுத்த உதவியிலும் பட்டாசு பூமிக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது.

2021 மே 29-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். கொரோனாவில் தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் ரூ.5 லட்சம் டெபாசிட். பதினெட்டு வயதில் வட்டியோடு கையில் கொடுப்பார்கள். பட்டப்படிப்பு வரை செலவு அரசுடையது. உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் ரூ.3,000. ஒருவரை மட்டும் இழந்திருந்தால், இருக்கிறவருக்கு ரூ.3 லட்சம். அதே நாளில் பிரதமரும் 23 வயதில் ரூ.10 லட்சம் கிடைக்கும் திட்டத்தை அறிவித்தார். நல்ல திட்டங்கள். ஒரு பிள்ளையை வளர்க்க இத்தனை வருடம், இத்தனை செலவு ஆகும் என்று உட்கார்ந்து யோசித்துப் போட்டவை.

இதற்கு மூன்றரை மாதம் முன்பு, அதே வருடம் பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். கொரோனாவுக்கு நடுவில், வேலைக்குப் போனால்தான் சோறு என்று போனவர்கள். செத்தவர் குடும்பத்துக்கு மாநில அரசும் பிரதமர் நிதியும் ரொக்கம் அறிவித்தன. அத்தோடு பைல் மூடியது. பிள்ளையின் பெயரில் டெபாசிட் கிடையாது. மாதம் ரூ.3,000 கிடையாது. படிப்புச் செலவும் கிடையாது.

ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் பெற்றோரைக் கொண்டுபோனது காய்ச்சல். இன்னொன்றின் பெற்றோரைக் கொண்டுபோனது மருந்து. இரண்டுமே பாட்டி வீட்டில். ஒன்றுக்கு மாதா மாதம் பணம் வரும், மற்றதற்கு வராது. எதனால் செத்தார்கள் என்று பார்த்தார்களே தவிர, எந்தப் பிள்ளை தனியாக நிற்கிறது என்று பார்க்கவில்லை.

இந்த ஓரவஞ்சனையைச் சரி செய்ய மூன்றரை வருடம் ஆயிற்று. 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின், பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்றும், அதற்கு முதலில் ரூ.5 கோடியில் தனி நிதி வைக்கப்படும் என்றும் அறிவித்தார். முதலிபட்டியில் 2012 செப்டம்பர் 5-ந் தேதி 38 பேர் செத்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் அதற்குள் பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டார்கள்.

சட்டத்தில் இருந்தது தொட்டில்

தாய் வேலைக்குப் போனால் பிள்ளைக்கு இடம் வேண்டும் என்பது யாரும் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. கொரோனா காலத்தில் நடப்பில் இருந்த 1948-ம் வருடத்து தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆலை முதலாளி காப்பகம் வைக்க வேண்டும்.

பட்டாசு ஆலையில் இதை எப்படி வைப்பது? ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று தலை எண்ணி விடும் இடம். அறைக்கும் அறைக்கும் இத்தனை அடி என்று அளந்து கட்டிய இடம். அங்கே தொட்டில் கட்டு என்று எந்த இன்ஸ்பெக்டரும் சொல்ல முடியாது. சொன்னாலும் எந்தத் தாயும் பிள்ளையைக் கொண்டுவர மாட்டாள். ஆக, சட்டம் புத்தகத்தில் இருந்தது. பிள்ளை தெருவில் இருந்தது.

2025 நவம்பர் 21-ந் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்தன. அதில் கணக்கு மாறியிருக்கிறது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடம் என்றால் காப்பகம் வேண்டும். முப்பது ஐம்பது ஆனதில் சின்ன ஆலைகள் தப்பித்துக்கொள்ளும் என்பது ஒரு பக்கம். ஆனால் இன்னொரு வரி இந்த வட்டாரத்துக்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாக வைக்க வேண்டியதில்லை. பல ஆலைகள் பணம் போட்டுப் பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம், நகராட்சி நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்தலாம். மத்திய சர்க்காரின் பால்னா திட்டத்தில் பால்வாடியோடு சேர்த்துக் காப்பகம் வைக்கவும் 2022-ல் இருந்து வழி இருக்கிறது. நாடு முழுக்க 17,000 வைப்பதாகச் சொன்னார்கள்.

சிவகாசிக்குக் கூட்டாகத் தொழில் செய்யத் தெரியாதா? ஆலை முதலாளிகளுக்குச் சங்கம் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டில் கேசு நடத்த வக்கீல் பீசைச் சேர்ந்து போடுகிறார்கள். நாட்டின் பட்டாசில் 100-க்கு 90 பங்கு எங்கள் வட்டாரத்தில்தான் என்கிறார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன என்று ஒவ்வொரு தடை வரும்போதும் கோர்ட்டில் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் சின்னப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருகிறவர்கள்தானே?

மாவட்ட நிர்வாகமும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை ஏதாவது ஒரு காய்ச்சல் வந்து ஊரை அடைக்க நேர்ந்தால், ஆலையை எப்போது திறப்பது என்று கலெக்டர் ஆபீசில் கூட்டம் போடுவார்கள். தீயணைப்பு அதிகாரி வருவார், தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், முதலாளிகள் வருவார்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அதிகாரிக்கும் அந்த மேஜையில் ஒரு நாற்காலி போட்டால், ஆலைக்கு எந்தத் தேதி, பால்வாடிக்கு எந்தத் தேதி என்று ஒரே உத்தரவில் போட்டுவிடலாம்.

கொரோனா போய்விட்டது. பால்வாடி திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஆலை வேன் இன்றைக்கும் பால்வாடி டீச்சர் வருவதற்கு முன்பே மந்தையில் வந்து நிற்கிறது. பால்வாடி பூட்டிய பிறகுதான் திரும்பி வருகிறது.